எட்டு மாதத்துப் பச்சை

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மாரிச்சாமி கெட்டிக்காரரே இல்லை. அவருடைய புளுகு எட்டு மாதம் ஓடியது.

அதற்கு முன்னால், அறுபத்திரண்டு வயது வரைக்கும், அந்த மனிதர் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ரங்கூனைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் முப்பத்தோரு வருஷம் கார்டாக இருந்தவர். கையில் இரண்டு கொடி. பச்சை என்றால் போ, சிவப்பு என்றால் நில். மழுப்புவதற்கு இடமில்லாத உத்தியோகம். ரயில்வே தாள்களில் அவர் பெயர் ஊ மியா மாங். மியா என்றால் பர்மியத்தில் மரகதம். வீட்டிலும் தெருவிலும் மாரிச்சாமி. மிங்கலா தாங்ஞுன்ட்டில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில், மூன்றாவது மாடியில், அவரும் மனைவி சாந்தகுமாரியும் ஒரே பிள்ளை மனோஜும் குடியிருந்தார்கள். ஓய்வு பெற்ற அன்று கொடிகளைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவை துணிப்பையோடு வீட்டில் ஓர் ஆணியில் தொங்கின.

சாந்தகுமாரிக்கும் பிழைப்பு பச்சையில்தான். தாமுவே சந்தையில் தபியே விற்பவள் அவள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தபியே நாவல் ஜாதி இலை. பர்மிய வீடுகளில் புத்தர் மாடத்துச் சாடியில் அது இல்லாமல் இருக்காது. பயணம் போகிறவன் சட்டைப் பையில் ஒரு கொத்து செருகி அனுப்புவார்கள். நம்மவர் வீடுகளில் முருகன் படத்துக்கும் அதுதான். போட்டாதாங் துறையில் படகிலிருந்து இறங்கும் கட்டுகளை விடிகாலையில் வாங்கி வந்து, கொழுந்து, நடு இலை, முற்றல் என்று மூன்றாகப் பிரிப்பாள். பிறகு கொழுந்து முன்னால் தெரிய, முற்றல் பின்னால் தாங்க, மறுபடி கொத்தாகக் கட்டுவாள். பழுத்த இலை ஒன்று உள்ளே போய்விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"பழுப்பு ஒண்ணு இருந்தா மத்ததையும் கூட்டிட்டுப் போயிடும்" என்பாள்.

அவளுடைய அம்மா பர்மியப் பெண். சந்தையில் அவள் டோ சாந்தி, அதாவது சாந்தி அம்மா. பேச்சு பர்மியம், படிப்பும் பர்மியம். தமிழ் வாயோடு சரி. மனோஜும் அப்படித்தான்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் பட்டியல் போடுகிறார்கள் என்ற பேச்சு தெருவுக்குள் வந்தபோது மனோஜுக்கு இருபத்து நாலு வயது. மூன்று வீடு தள்ளியிருந்த பையனுக்குக் காகிதம் வந்தது. அன்றைக்கே சாந்தகுமாரி புருஷனைப் பார்த்து, "எந்த நாடா இருந்தாலும் சரி, அனுப்பிடுங்க" என்றாள். கிடைத்த நாடு லாட்வியா. அது எங்கே இருக்கிறது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கண்ணாடிக் கொட்டகைக்குள் வெள்ளரி வளர்க்கும் தோட்டத்தில் வேலை. விமான நிலையத்தில் அவள் அவன் சட்டைப் பையில் தபியேக் கொத்து ஒன்றைச் செருகினாள். அழுகிற நேரத்தில் என்ன கேட்பது என்று தெரியாமல், "அங்க பச்சை இருக்குமாடா?" என்று கேட்டாள்.

"போய்ப் பாத்துச் சொல்றேம்மா" என்றான் மனோஜ்.

சொன்னான். தினம் சொன்னான். அங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளை, இங்கே மாலை ஆறுக்குப் பத்து நிமிஷம். சந்தையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு அவள் உட்காரும் நேரம் பார்த்துக் குரல் செய்தி வரும். நாளுக்கு ஒரு வார்த்தை, பச்சையைப் பற்றி. கணவனும் மனைவியும் ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

முதல் வார்த்தை ஸல்ஷ். பச்சை என்று அர்த்தம். "நம்ம மாதிரியேதாம்மா. வேகாத கறியும் அதுதான், பழுக்காத காயும் அதுதான்." அடுத்த நாள் ஸல்யும்ஸ்: பச்சையாக இருக்கும் தன்மை, பச்சை மண்டிக் கிடக்கும் இடம். பிறகு ஸல்கன்ஸ்: பச்சையும் இல்லாத, பச்சை இல்லாமலும் இல்லாத இளம் நிறம். பிறகு ஸல்யுவட். "பச்சையா இருக்கறதையே இவங்க ஒரு வேலையாச் சொல்றாங்கம்மா. மரம் நிக்குது, மரம் வளருதுங்கற மாதிரி மரம் பச்சைக்குது."

ஜூன் மாதம் அங்கே ஒரு பண்டிகை. ஒரு வெள்ளைப் பட்டை மரத்தின் இளங்கிளைகளை வெட்டிக் கொண்டுவந்து வாசலில் கட்டுகிறார்கள், அதற்கு மெயாஸ் என்று பெயர், நம் மாவிலைத் தோரணம் மாதிரி என்றான். ஊரே திறந்தவெளியில் பச்சைக்கு நடுவே கூடி ஆடும் ஆட்டத்துக்கு ஸல்யும்பல்லெ. இன்னொரு நாள் சிரித்துக்கொண்டே, தோட்டத்தில் தன்னை எல்லாரும் ஸல்க்னாபிஸ் என்று கூப்பிடுகிறார்கள், பச்சை அலகுக்காரன், ஒன்றும் தெரியாத புதுப்பயல் என்று அர்த்தம் என்றான். சாந்தகுமாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"என் புள்ளைக்குப் பேர் வெக்க இவனுங்க யாரு? வந்து தபியே கட்டச் சொல்லு, எவன் பச்சை அலகுன்னு அப்பத் தெரியும்."

இப்படிப் பேசினாளே ஒழிய, ஒரு வார்த்தையையும் விடவில்லை. பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். சந்தையில் பக்கத்துக் கடைப் பூக்காரி நபீஸாவிடம், "அந்த ஸல்கன்ஸ் கட்டை இப்படித் தள்ளு" என்பாள். நபீஸாவும் சரியான கட்டைத் தள்ளுவாள். எங்கேயோ பனி கொட்டும் நாட்டுப் பேச்சில் தாமுவே சந்தையில் வியாபாரம் நடந்தது.

அக்டோபர் கடைசியில் மாரிச்சாமி தங்கை மகள் கல்யாணத்துக்காகப் பகோவுக்குப் போய் மூன்று நாள் தங்கினார். அந்த மூன்று நாள் செய்திகளை அவர் கேட்கவில்லை. திரும்பி வந்து, என்ன சொன்னான் என்று விசாரித்தார். "குளிரு, அது இதுன்னான்" என்றாள். அவரும் விட்டுவிட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, கட்டுகளுக்கு நடுவிலேயே சாந்தகுமாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். நபீஸாதான் கூட்டிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மனோஜுக்குச் சொன்னதும் அவன் அனுப்பிய வார்த்தை ஸாலெஸ். மருந்து. "புல்லுக்கு ஸாலெ, மருந்துக்கு ஸாலெஸ். ஒரே வேர்மா. நீ பச்சையிலயே இருக்கறவ, உனக்கு ஒண்ணும் ஆகாது." அதை அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அதற்கு இரண்டாம் நாள் மாலைச் செய்தி வந்தபோது மாரிச்சாமி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். வருவதற்குள் அவள் கண் அயர்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை டாக்டர் அவரை வெளியே அழைத்து, மூன்று மாதத்துக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது, துக்கமும் கூடாது, கோபமும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஃபோன் அடித்தது. மனோஜோடு ஒரே அறையில் தங்கியிருந்த ரமேஷ்குமார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்.

"ஐயா, பக்கத்துல யாராவது இருக்காங்களா? கொஞ்சம் உக்காந்துக்கிடுங்க" என்றான்.

மாரிச்சாமி உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார். அந்த நாட்டில் நவம்பர் மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். இருட்டில் சாலையோரம் நடப்பவர்கள் உடம்பில் மின்னும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். மனோஜ் அன்றைக்குக் கடைக்குப் போகிற அவசரத்தில் கட்டாமல் போயிருக்கிறான். வந்த வண்டிக்கு அவன் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். முப்பத்தோரு வருஷம் விளக்குக் காட்டி ரயில் விட்டவருடைய பிள்ளை, வெளிச்சம் இல்லாமல் போனான்.

ஐயோ என்று ஒரு சத்தம் அவர் தொண்டை வரைக்கும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சாந்தகுமாரி படுத்திருந்தாள். அந்தச் சத்தத்தை விழுங்கினார். உள்ளே போனார்.

"யாரு ஃபோன்ல?" என்றாள் அவள்.

"மனோஜ்தான். அவன் ஃபோன் தண்ணித் தொட்டியில விழுந்துருச்சாம். வேற வாங்கறவரைக்கும் ரெண்டு நாள் ஆகுமாம்."

அந்த ரெண்டு நாளில்தான் புளுகு வேர் பிடித்தது. தெருமுனையில் செல்ஃபோன் கடை வைத்திருக்கும் நிலோஃபரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் பதறிப்போய், "மாமா, இதெல்லாம் எத்தன நாளைக்கு?" என்று கேட்டாள். "மூணு மாசம். டாக்டர் சொன்ன கணக்கு" என்றார். பழைய ஃபோன் ஒன்றில் புது எண் போட்டு, சாந்தகுமாரியின் ஃபோனில் அந்த எண்ணுக்கு மனோஜ் என்று பெயர் வைத்துக் கொடுத்தாள் நிலோஃபர். புது ஃபோனில் குரல் சரியாக எடுக்காது, இனி எழுத்துதான் என்பது அடுத்த பொய். இங்கே வி.பி.என். இல்லாமல் ஒன்றும் திறக்காது, அதிலும் பேச்சு அறுந்து அறுந்து போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அந்த உண்மை பொய்க்கு முட்டுக் கொடுத்தது.

பழைய ஃபோன் கொடிப் பைக்குள் இருந்தது. தினம் ஐந்தரை மணிக்கு மாரிச்சாமி பையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்புவார். ஒரு கோப்பை லபெயெ, பால் ஊற்றிய பர்மியத் தேநீர். வாங்கி வைப்பார், குடிக்க மாட்டார். "அம்மா, சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்று பர்மிய எழுத்தில் ஒரு விரலால் தட்டுவார். பிறகு அன்றைய வார்த்தை. ஆறுக்குப் பத்து நிமிஷத்துக்கு அனுப்பிவிட்டு, ஆறு மணிக்கு வீடு வந்து, மனைவி அதைப் படித்துக் காட்டுவதை முதல் தடவை கேட்பவர் மாதிரி கேட்பார். அவள் பதில் எழுதுவாள். அந்தப் பதில் பைக்குள் போய்ச் சேரும். மறுநாள் டீக்கடையில் அதை எடுத்துப் படிப்பார். "கண்ணு, காது மூடித் தொப்பி போடு" என்று இருக்கும். பெற்றவர் படும் பாடா இது?

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். சாவை மறைக்க எத்தனை பொய் வேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

வார்த்தைகளை ஆரம்பத்தில் ரமேஷ்குமார் அனுப்பிக்கொண்டிருந்தான். உடம்பை எரித்ததையும், அஸ்தியை ஊருக்கு வெளியே இருக்கும் இடுகாட்டில் ஒரு மரத்தடியில் புதைத்ததையும் அவன்தான் சொன்னான். "ஊருக்கு அனுப்பட்டுமாய்யா?" என்று முதலில் கேட்டான். எந்த வீட்டு வாசலில் வந்து இறங்குவது? "அங்கேயே இருக்கட்டும்ப்பா" என்றார் மாரிச்சாமி. அதைச் சொன்ன வாயைத் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதைவிடப் பெரிய முள் வேறொன்று இருந்தது. செத்த ஏழாம் நாள் பொங்கிகளை, அதாவது புத்த பிக்குகளை, அழைத்துச் சோறு போட்டு, தண்ணீர் வார்த்து, செத்தவன் பெயரைச் சொல்லிப் புண்ணியத்தைப் பங்கு கொடுக்க வேண்டும். இந்தத் தெருவில் தமிழர் பர்மியர் எல்லாரும் செய்வதுதான். செய்யாவிட்டால் உயிர் வாசலை விட்டுப் போகாது என்பார்கள். மனோஜின் ஏழாம் நாள் சும்மா போயிற்று. மடத்தில் ரகசியமாகச் செய்யலாம் என்றால், மடத்துக்குத் தபியே கொண்டுபோய்க் கொடுப்பவளே சாந்தகுமாரி. மாடிப்படி ஏறும்போதெல்லாம் மாரிச்சாமி கதவுக்கு முன்னால் ஒரு நொடி ஒதுங்கி நின்று, பிறகுதான் உள்ளே போவார்.

அழ வேண்டும் என்றால் வட்ட ரயிலில் ஏறுவார். கடைசிப் பெட்டி. ஒரு சுற்று மூன்று மணி நேரம். பழைய கார்டு என்று யாரும் கேள்வி கேட்பதில்லை. சுற்றி முடித்து இறங்கும்போது முகம் காய்ந்திருக்கும்.

டிசம்பர் கடைசியில் ரமேஷ்குமார் வேறு நாட்டுக்கு வேலை மாறிப் போய்விட்டான். அதற்குப் பிறகு நிலோஃபரும் அவள் ஃபோனில் இருந்த அகராதியும்தான் துணை. தெருவில் மீ இருக்கும் நேரத்தில், அதாவது மின்சாரம் இருக்கும் நேரத்தில், தேடி எடுத்து ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாள்.

ஜனவரியில் ஒரு நாள் அவள் கொடுத்தது ஒற்றை வார்த்தை இல்லை, ஒரு வழக்கு: ஸெல்ய் உன் ஸல்யுவ. செழிக்கிறது, பச்சைக்கிறது, நன்றாக இருப்பதைச் சொல்ல அந்த ஊரார் சேர்த்துச் சொல்வது. மாரிச்சாமிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றைக்கு அவர் மனசு கொஞ்சம் இளகியிருந்தது. சாந்தகுமாரி முந்தின நாள்தான் முதல் தடவையாக ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படட்டுமே என்று கை தாராளமாக ஓடியது. "வெளிய பனி வெள்ளையாக் கிடக்கு. அதுக்கு நடுவுல ரோட்டோரத்து மரமெல்லாம் இலை தளதளன்னு ஆடுதும்மா. நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்று எழுதி அனுப்பினார்.

ஆறு மணிக்கு வீட்டில் அவள் அதைப் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை தனக்குள் படித்தாள்.

"இலை ஆடுதாமா?" என்றாள்.

"ஆமா. நல்ல செழிப்பான ஊர்தான் போல."

"ம்" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். சோறு குழைந்துவிட்டது என்று அன்றைக்கு வேறு உலை வைத்தாள்.

பிப்ரவரி கடைசியில் டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. இனி சொல்லிவிடலாம் என்று மாரிச்சாமி ஒவ்வொரு நாளும் காலையில் முடிவு செய்தார், ஒவ்வொரு நாளும் மாலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த வாரம் சாந்தகுமாரி தானாகவே, பிழைத்து எழுந்ததற்குப் பொங்கிகளுக்குச் சோறு போட வேண்டும் என்றாள். ஒன்பது பொங்கிகள் வந்தார்கள். நபீஸா பூ அனுப்பினாள். சாந்தகுமாரி கட்டிய தபியே அன்றைக்கு இருந்த மாதிரி என்றைக்கும் இருந்ததில்லை, எல்லாம் கொழுந்து. தண்ணீர் வார்க்கும் நேரம் வந்ததும் செம்பை அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்குக் கை நடுங்குது. நீங்க ஊத்துங்க. மெதுவா ஊத்துங்க."

அவர் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். பொங்கிகள் ஓதினார்கள். மனைவியின் ஆரோக்கியத்துக்காகச் செய்யும் புண்ணியத்தில் திருட்டுத்தனமாகப் பிள்ளை பெயரையும் மனசுக்குள் சேர்த்துக்கொண்டார். அது தப்போ என்று பல நாள் உறுத்தியது. அவளைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் வார்த்தைகள் போய்க்கொண்டுதான் இருந்தன. மார்ச், ஏப்ரல், தண்ணீர்த் திருவிழா, மழை. எத்தனை நாளைக்கு என்று நிலோஃபர் கேட்பதை நிறுத்திவிட்டாள். அகராதியில் பச்சை தீர்ந்துபோய், பாசி, பாசிப் பச்சை, புல்தரை, தளிர் என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

ஜூலையில், வாசோ என்னும் பர்மிய மாதத்துப் பௌர்ணமிக்கு முந்தின நாள், மாரிச்சாமி காய்ச்சலில் விழுந்தார். எலும்பை உடைக்கிற காய்ச்சல். பௌர்ணமியை ஒட்டித் தபியே நன்றாக விற்கும். அந்த வியாபாரத்தை நபீஸாவிடம் விட்டுவிட்டு சாந்தகுமாரி வீட்டிலேயே இருந்தாள். மதியம் முழுவதும் ஈரத்துணி போட்டாள். ஐந்தரை மணிக்கு அவர் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஆணி வரைக்கும் போய்ப் பையை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"டீக்கடைக்கு."

"இந்த மழையிலயா? நிக்கவே முடியல, டீ ஒண்ணுதான் கொறச்சலா?"

"ஒரு அஞ்சு நிமிஷம். வந்துடறேன்." வார்த்தை ஒரு நாள் வராவிட்டால் அவள் நெஞ்சு என்ன ஆகும் என்பது ஒன்றுதான் அந்தக் காய்ச்சலிலும் அவருக்குப் புரிந்திருந்தது. வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தார். கால் மடங்கியது. அவள் ஓடி வந்து தாங்கிப் பிடித்துப் படுக்கையில் கிடத்தினாள். பையை அவர் விடவில்லை. அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பையை வாங்கி, திறக்காமல், அவர் தலைமாட்டில் வைத்தாள்.

"படுங்க" என்றாள். "இன்னைக்கு வார்த்தைய நான் சொல்றேன்."

மாரிச்சாமிக்கு அவள் என்ன சொல்கிறாள் என்று சட்டென்று புரியவில்லை.

"மூஷ்ஸல்ஷ்" என்றாள். "ஆஸ்பத்திரியில இருந்தப்போ நீங்க மருந்து வாங்கப் போனீங்கல்ல, அப்ப வந்துச்சு. அவன் குரல்ல கடைசியா வந்தது அதுதான். மத்த மரமெல்லாம் மொட்டையாயிடுச்சாம். ஊசி மாதிரி இலை வெச்ச மரம் மட்டும் ஆயுசு பூராவும் பச்சையா இருக்குமாம். அதுக்கு அதான் பேராம். ‘நம்ம தபியே மாதிரிம்மா’ன்னான்."

அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நீங்க மரத்துல இலை ஆடுதுன்னு எழுதினீங்களே, அன்னைலேருந்து." அவள் ஈரத்துணியைப் பிழிந்தாள். "நீங்க பகோவுல இருந்தப்ப மூணு நாளும் அதையேதான் சொன்னான். ரோட்டோரத்து மரம் ஒண்ணுலயும் ஒரு இலை கிடையாதாம். மே மாசம் வரைக்கும் வராதாம். ‘வெளக்கமாத்துக் குச்சி மாதிரி நிக்குது, பாக்கவே பயமா இருக்கு, செத்த மரம்னு நெனச்சேன், சாகலையாம், தூங்குதாம்மா’ன்னான். கேட்டதுலேருந்து எனக்கு அதே நெனப்புதான். இலை இல்லாத ஊருக்கா புள்ளைய அனுப்புனோம்னு. உங்ககிட்டச் சொன்னா நீங்களும் கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல. அப்புறம் தை மாசத்துல மரம் தளதளன்னு ஆடுதுன்னு வருது. அங்க நிக்கறவன் அப்படி எழுத மாட்டான். இந்த நாட்ட விட்டு வெளிய போகாதவர்தான் எழுதுவாரு. அவனுக்குப் பதிலா நீங்க எழுதணும்னா, அவன் இல்லன்னுதானே அர்த்தம்."

மழை ஜன்னல் தகரத்தில் அடித்தது.

"ஏன் கேக்கல நீ?"

"கேட்டா நிறுத்திடுவீங்க" என்றாள். "நீங்கதான்னு தெரிஞ்சும், சாப்பிட்டியாம்மான்னு வந்தா, ஒரு நிமிஷம் அவன் கேக்கற மாதிரிதான் இருந்துச்சு. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பொழுது விடிஞ்சு பொழுது போச்சு. அத விட மனசு வரல."

"நெஞ்சு வலிக்குதா?"

"அது தை மாசத்துலேருந்து வலிச்சிட்டுத்தான் இருக்கு. நீங்க படுங்க."

அவர் அழத் தொடங்கினார். ஏழாம் நாள் செய்யவில்லையே, பெத்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டேனே என்று காய்ச்சல் குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் அவர் வாயைப் பொத்தினாள்.

"நீங்கதான் செஞ்சீங்க. பிப்ரவரி மாசம் ஒம்பது பொங்கிக்குச் சோறு போட்டோம்ல, குரல் நின்ன நாள்லேருந்து எண்ணிப் பாத்துத்தான் நாள் வெச்சேன். அது நூறாவது நாள். பொங்கிகிட்ட மட்டும் சொல்லியிருந்தேன். தண்ணிச் செம்ப ஏன் உங்க கையில குடுத்தேன்? அவன் அப்பன் கையால ஊத்தணும்ல."

மாரிச்சாமி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்த கை; அது தெரியாமலே ஐந்து மாதம் தன்னைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர்.

"எங்க வெச்சிருக்காங்க அவன?" என்று அவள் கேட்டாள். ஆறு மாதமாக அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது ஒன்றுதான்.

"ஊருக்கு வெளிய. ஊசி இலை மரத்தடியிலன்னு ரமேஷ்குமார் சொன்னான்."

"அப்படியா?" அவள் தலையாட்டினாள். "அது உதிராது."

மறுநாள் காய்ச்சல் இறங்கியிருந்தது. பௌர்ணமி. சாந்தகுமாரி அன்றும் சந்தைக்குப் போகவில்லை. நபீஸா காலையில் ஒரு கட்டுத் தபியே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனாள். மாலை ஐந்தே முக்காலுக்குச் சாந்தகுமாரி பையிலிருந்து பழைய ஃபோனை எடுத்து, புருஷன் கையில் வைத்தாள். தன் ஃபோனை வழக்கம் போல முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அனுப்புங்க" என்றாள்.

"சாந்தி..."

"பரவால்ல. எனக்கு வேணும். அனுப்புங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு விரலால் தட்டினார். அம்மா என்ற சொல் வந்தது. அதற்கு மேல் விரல் நகரவில்லை. டீக்கடையில் நாற்பது அடி தள்ளி உட்கார்ந்து எட்டு மாதம் பிள்ளையாக இருந்தவரால், எதிரில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளையாக இருக்க முடியவில்லை. தட்டியதை அழித்தார். மறுபடி தட்டினார். அழித்தார். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்னால முடியலடி" என்றார்.

ஆறு மணி ரயில் கீழே கடந்து போனது. அவள் ஃபோன் சத்தம் போடவில்லை. ஆறே கால் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, மாடத்துச் சாடியிலிருந்து பழைய கொத்தை எடுத்தாள், தண்ணீர் மாற்றினாள், நபீஸா கொடுத்த கட்டைப் பிரித்து உட்கார்ந்தாள். கொழுந்து ஒரு பக்கம், நடு இலை ஒரு பக்கம். மூன்றாவது இலையைக் கிள்ளும்போது கை நின்றுவிட்டது. கொத்தை மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவுகள் திறக்கும்படி, மனோஜ் என்று கத்தி அழுதாள். எட்டு மாதத்துக்கு முன்னால் செத்த பிள்ளைக்கு அந்த வீட்டில் வாய்விட்டு அழும் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.